மலையைத் தாண்டிப் பறக்க: முதல் உலகப் போரில் இத்தாலியின் வேவு, குண்டுவீச்சு விமானங்கள்

1915 மே 24 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரிக்கு எதிராக இத்தாலி போரில் இறங்கியது. அதன் போர்முனை ஸ்விட்சர்லாந்து எல்லையில் தொடங்கி ஆல்ப்ஸ் முகடுகள் வழியே வளைந்து அட்ரியாட்டிக் கடல் வரை ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீண்டது. பிரான்சில் பறந்த விமானிகளுக்குக் கீழே பெரும்பாலும் சமவெளி. இன்ஜின் நின்றுவிட்டால் ஏதாவதொரு வயல் பார்த்து இறங்கலாம். இத்தாலிய விமானிக்குக் கீழே இருந்தவை பாறை, பனி, பள்ளத்தாக்கு. அவன் தாக்க வேண்டிய இடங்களும் பக்கத்தில் இல்லை. லுப்லியானாவின் ரயில் நிலையம் மலைக்கு அப்பால், போலா கடற்படைத் தளம் கடலுக்கு அப்பால், வியன்னா இரண்டு மலைத்தொடர்களுக்கு அப்பால்.

அந்நாட்டின் இரட்டை இறக்கை விமானங்கள் ஏன் அப்படி அமைந்தன என்பதற்கு விடை இந்த நிலப்படத்திலேயே இருக்கிறது. உயரம் வேண்டும், தூரம் வேண்டும், வழியில் இன்ஜின் நின்றாலும் வீடு திரும்ப வழி வேண்டும். இத்தாலியப் பொறியாளர்கள் இதற்கு இரண்டு வழிகளைக் கண்டார்கள். சிறிய இன்ஜின்கள் மூன்றைச் சேர்த்துக் கட்டுவது ஒன்று. மிகப் பெரிய இன்ஜின் ஒன்றைப் பூட்டுவது மற்றொன்று. முதல் வழி விரைவில் பலித்தது. இரண்டாம் வழியில் இன்ஜின்கள் நன்றாகவே வந்தன. ஆனால் அந்த வலுவைத் தாங்கும் இறக்கையைக் கட்டத் தெரிவதற்குள் பல உயிர்கள் போயின.

இத்தாலிக்கு விமானப் போர் 1915இல் புதிதல்ல. லிபியாவில் ஒட்டோமான் படைகளோடு நடந்த போரில், 1911 அக்டோபர் 23 அன்று கார்லோ பியாட்ஸா என்ற கேப்டன் பிளேரியோ விமானத்தில் திரிப்போலிக்கு வெளியே எதிரி முகாம்களை வேவு பார்த்துத் திரும்பினார். நவம்பர் 1 அன்று ஜூலியோ கவோத்தி என்ற லெப்டினன்ட், ஒரு கையால் விமானத்தை ஓட்டிக்கொண்டே மறு கையால் வெடிமுனையைப் பொருத்தி, ஒவ்வொன்றும் சுமார் 2 கிலோ எடையுள்ள நான்கு கையெறி குண்டுகளை வீசினார். இரண்டுமே ஒற்றை இறக்கை விமானங்கள். ஒற்றை இறக்கையில் பாரம் ஏற்ற முடியாது என்பதை அந்தப் போரே காட்டியது. அன்றைய மெல்லிய இறக்கையை இரண்டு அடுக்காக வைத்து, நடுவே கம்பங்கள் நிறுத்தி, குறுக்கே கம்பி இழுத்துக் கட்டினால்தான் எடை குறைவாகவும் விறைப்பாகவும் ஒரு பெரிய இறக்கை கிடைக்கும்.

கப்ரோனியின் மூன்று இன்ஜின்கள்

இத்தாலிய விமானப் பொறியாளர் ஜான்னி கப்ரோனி 1913இல் ஒரு பெரிய விமானத்தை வரையத் தொடங்கியபோது, அதைத் தூக்கும் அளவுக்கு வலுவான ஒற்றை இன்ஜின் சந்தையில் இல்லை. மூன்று இன்ஜின்களையும் விமானிகள் அமரும் நடுக்கூட்டிலேயே வைத்து, ஒன்று நேரடியாகப் பின்புறப் புரொப்பெல்லரைச் சுழற்ற, மற்ற இரண்டும் தண்டும் பற்சக்கரமும் வழியாக இருபக்கப் புரொப்பெல்லர்களைச் சுழற்ற வேண்டும் என்பது அவரது முதல் எண்ணம். தண்டும் பற்சக்கரமும் எடையைக் கூட்டும், அதிர்வில் தேயும், வழியிலேயே வலுவைத் தின்னும். முன்மாதிரி கட்டப்பட்டபோது அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. இரண்டு இன்ஜின்கள் நேராக, வாலைத் தாங்கும் இருபக்க வால்தண்டுகளின் முன்முனைக்குப் போயின. மூன்றாவது நடுக்கூட்டின் பின்புறம் நின்று தள்ளியது. 1914 அக்டோபரில் அது பறந்தது.

இந்த அமைப்பில் இருக்கும் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இரட்டை இன்ஜின் விமானத்தில் ஒரு பக்கம் நின்றால் பாதி வலு போவதோடு, மீதிப் பாதி முழுவதும் ஒரே பக்கம் இழுக்கும். விமானி சுக்கானை முழுக்க மிதித்தாலும் அன்றைய சிறிய வால்கள் அதற்கு ஈடுகொடுக்கத் திணறின. கப்ரோனியில் ஒரு பக்க இன்ஜின் நின்றால் மூன்றில் இரண்டு பங்கு வலு எஞ்சும். அதிலும் பாதி சரியாக நடுக்கோட்டில் தள்ளும். மூன்று சுக்கான்கள் வேறு பின்னால் இருந்தன. ஆகவே ஓர் இன்ஜினை இழந்து, உயரத்தை மெல்ல இழந்துகொண்டே, மலையைத் தாண்டி வீடு சேரும் வாய்ப்பு இருந்தது. நடு இன்ஜின் நின்றாலோ விமானம் பக்கவாட்டில் திரும்பவே திரும்பாது. கீழே இறங்க இடமில்லாத நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அன்று இல்லை என்றே சொல்வேன்.

படையில் சேர்ந்த முதல் வகையில் தலா 100 குதிரைத்திறன் கொண்ட ஃபியட் ஏ.10 இன்ஜின்கள் மூன்று இருந்தன. ஆறு சிலிண்டர், நீரால் குளிரூட்டப்படுபவை. இறக்கை விரிவு 22.2 மீட்டர், நீளம் 10.9 மீட்டர். 1915 ஆகஸ்ட் முதல் 1916 டிசம்பர் வரை 162 கட்டப்பட்டன. முன்னால் ஒரு துப்பாக்கி வீரர், அவருக்குப் பின் அருகருகே இரு விமானிகள், பின்புறம் மெக்கானிக்கும் துப்பாக்கி வீரருமான ஒருவர் என நால்வர் அமர்ந்தார்கள். தரையிறங்கும்போது மூக்குக் குத்திக் கவிழாமலிருக்க நடுக்கூட்டின் முன்புறத்துக்குக் கீழேயும் சக்கரங்கள் வைத்தார்கள். கரடுமுரடான களத்தில் முழு எரிபொருளோடு இறங்கும் பெரிய விமானத்துக்கு இது அலங்காரமல்ல, தேவை.

இந்த விமானம் பிறந்ததில் ஜூலியோ தூஹேவின் பங்கைச் சொல்லாமல் விட முடியாது. டூரினில் இருந்த விமானிகள் பட்டாலியனின் தளபதியாக இருந்த அவர், மேலிட அனுமதிக்குக் காத்திராமல் கப்ரோனியைக் கட்டச் சொன்னார். அதற்காகவே பதவியிலிருந்து மாற்றப்பட்டார். பிறகு போர் நடத்தப்படும் விதத்தைக் கண்டித்து எழுதியதற்காக 1916இல் ராணுவ நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பியது. ராணுவம் அவரைத் தண்டித்த அதே காலத்தில், அவர் கட்டச் சொன்ன விமானங்களைத்தான் தன் முதன்மைக் குண்டுவீச்சுப் படையாக நம்பியிருந்தது.

முதல் தாக்குதல் 1915 ஆகஸ்ட் 20 அன்று, கொரீட்சியாவுக்கு அருகில் இருந்த ஐசோவிட்ஸா விமானக்களத்தின் மீது நடந்தது. 1916 பிப்ரவரி 18 அன்று லுப்லியானாவுக்குப் போன கப்ரோனிகளை ஆஸ்திரியாவின் ஃபாக்கர் வேட்டை விமானங்கள் வழிமறித்தன. கேப்டன் ஒரெஸ்தே சலோமோனே ஓட்டிய விமானத்தில் அவருடன் வந்த லெப்டினன்ட் கர்னல் அல்ஃபிரெடோ பர்பியேரியும் கேப்டன் லுயிஜி பைலோவும் சுடப்பட்டு இறந்தார்கள். தலையில் காயம்பட்ட சலோமோனே தனி ஆளாக விமானத்தைப் பல்மனோவா வரை கொண்டுவந்து இறக்கினார். வீரத்துக்காக இத்தாலிய விமானி ஒருவருக்குக் கிடைத்த முதல் தங்கப் பதக்கம் அவருடையது.

100 குதிரைத்திறன் இன்ஜின்கள் பாரத்தோடு மலை ஏறப் போதவில்லை. முதலில் நடு இன்ஜினை மட்டும் இசோட்டா ஃபிராஸ்கினி நிறுவனத்தின் 150 குதிரைத்திறன் இன்ஜினாக மாற்றிப் பார்த்தார்கள். அப்படி ஒன்பது மட்டுமே கட்டப்பட்டன. பிறகு மூன்றுமே இசோட்டா ஃபிராஸ்கினி ஆயின. அதுதான் போரின் நடுப்பகுதியைச் சுமந்த விமானம். 1916 முதல் 1918 வரை 250-க்கு மேல் கட்டப்பட்டன. பிரான்சிலும் உரிமம் பெற்றுக் கட்டினார்கள். வேகம் மணிக்கு சுமார் 140 கிலோமீட்டர். பாரம் ஏற்றினால் எடை 3,300 கிலோவைத் தாண்டும். மொத்த வலு 450 குதிரைத்திறன். அதாவது ஒரு குதிரைத்திறன் 7 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். இந்த விகிதத்தில் ஏற்றம் மிக மெதுவாகத்தான் இருக்கும். எனவே தாக்கப் புறப்படுபவர்கள் முதலில் தங்கள் எல்லைக்குள்ளேயே வட்டமிட்டு உயரம் சேர்த்துக்கொண்டு பிறகே எல்லையைக் கடக்க முடிந்தது. அந்த நேரத்துக்கும் எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளின் எடைக்குக் குண்டு குறையும். ஒவ்வொரு பறப்பும் இந்தக் கூட்டல் கழித்தலில்தான் திட்டமிடப்பட்டது.

பின்புறத் துப்பாக்கி வீரரின் இடம்தான் இந்த விமானத்தில் மிகக் கொடியது. நடு இன்ஜினுக்கு மேலே, சுழலும் புரொப்பெல்லருக்குச் சற்று முன்னால், கம்பிக் கூண்டு போன்ற ஒரு மேடை. முழுப் பறப்பிலும் திறந்த காற்றில் அங்கே நின்றபடி பின்னால் வரும் எதிரியைச் சுட வேண்டும். குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மேல் பல மணி நேரம் அப்படி நின்றவர்களுக்கு, அருகில் இருந்த ரேடியேட்டரின் வெப்பம் ஒன்றே ஆறுதல்.

1917 அக்டோபரில் தென் இத்தாலியின் ஜோயா டெல் கோல்லேயிலிருந்து கிளம்பிய கப்ரோனிகள் அட்ரியாட்டிக்கை இரவில் கடந்து கட்டாரோ வளைகுடாவில் நின்ற ஆஸ்திரியக் கப்பல்களைத் தாக்கின. கவிஞர் கப்ரியேலே தன்னுன்சியோவும் அதில் போனார். இரவு, கடல், திசைகாட்டி இவற்றை மட்டும் நம்பி அத்தனை தூரம் போய்வர, மூன்று இன்ஜின் தந்த துணிவு முக்கியக் காரணம்.

வேவு விமானங்களும் துப்பாக்கிச் சிக்கலும்

குண்டுவீச்சில் முன்னோடியாக இருந்த நாடு, வேவு விமானத்தில் வெகுநாள் பிரெஞ்சு வடிவங்களை உரிமம் பெற்றுக் கட்டிக்கொண்டிருந்தது. ஃபார்மன், வோய்சின், கோட்ரோன் எல்லாம் அப்படி வந்தவை. மெதுவானது என்றாலும் உயரம் ஏறுவதில் சிறந்த இரட்டை இன்ஜின் கோட்ரோன் ஜி.4 மலைமுனையில் நன்றாகப் பயன்பட்டது.

ஃபார்மன் பாணியை வளர்த்தெடுத்து உம்பர்ட்டோ சவோயாவும் ஒட்டோரினோ பொமீலியோவும் செய்தவை எஸ்.பி. வரிசை. விமானியும் கண்காணிப்பாளரும் முன்னால், இன்ஜின் அவர்களுக்குப் பின்னால், அதற்கும் பின்னால் சட்டகமாக நீளும் வால். கண்காணிப்பாளருக்கு முன்னும் கீழும் மறைப்பே கிடையாது. வேவுக்கும் பீரங்கிக்குக் குறி சொல்வதற்கும் இதைவிட நல்ல இருக்கை இல்லை. ஆனால் குறைகளும் அதே அமைப்பிலிருந்துதான் வந்தன. பின்னாலிருந்தும் கீழிருந்தும் வரும் எதிரியைப் பார்க்கவும் முடியாது, சுடவும் முடியாது. மூக்குக் குத்தி விழுந்தால் சில நூறு கிலோ எடையுள்ள இன்ஜின் முன்னால் இருப்பவர்கள் மேல் வந்து விழும். கூட்டிலிருந்து ஒரு கையுறையோ காலித் தோட்டாவோ பறந்தால் நேராகப் புரொப்பெல்லரில் போய் மோதும். 1917இல் ஆஸ்திரிய வேட்டை விமானங்கள் பெருகியபோது எஸ்.பி.2, எஸ்.பி.3 படைப்பிரிவுகள் இதற்குப் பெரும் விலை கொடுத்தன. இரட்டை இன்ஜின் எஸ்.பி.4 பின்னாளில் எதிரி எல்லைக்குள் உளவாளிகளை இறக்கப் பயன்பட்டது.

கண்காணிப்பாளருக்கு என்ன துப்பாக்கி கொடுப்பது என்பதும் எளிதில் தீரவில்லை. விமானத்துக்கென்றே உருவான வில்லார் பெரோசா என்ற இரட்டைக் குழல் துப்பாக்கி 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாக்களைச் சுட்டது. ஒவ்வொரு குழலும் நிமிடத்துக்கு 1,500 வரை சுடும் வேகம் கொண்டது. ஆனால் ஒரு பெட்டியில் 25 தோட்டாக்களே. விசையை அழுத்திப் பிடித்தால் ஒரே நொடியில் காலி. உறைந்த விரல்களோடு பெட்டி மாற்றுவதற்குள் எதிரி கடந்துபோய்விடுவான். தோட்டாவும் சிறிது தூரத்திலேயே வலுவிழக்கும். கடைசியில் அது காலாட்படைக்குப் போனது. 6.5 மி.மீ. ஃபியட்-ரெவெல்லி இயந்திரத் துப்பாக்கி விமானங்களில் இடம்பிடித்தது.

ஃபியட் ஏ.12: வலு வந்தது

1916இல் ஃபியட் ஏ.12 இன்ஜின் வந்ததும் நிலைமை மாறியது. ஆறு சிலிண்டர், மொத்தம் 21.7 லிட்டர், 260 குதிரைத்திறன். பின்னர் வந்த ஏ.12 பிஸ் 300 வரை தந்தது. எடை சுமார் 400 கிலோ. நேச நாடுகளிடம் அப்போது இதற்கு நிகரானவை மிகக் குறைவு. ஃபியட் இதைப் பல்லாயிரக்கணக்கில் உற்பத்தி செய்தது.

உயரத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு எளியது. சுமார் 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் மிகையழுத்தி இல்லாத இன்ஜின் உள்ளிழுக்கும் காற்றும் அதே அளவு குறையும், வலுவும் குறையும். மலைமேல் 130 குதிரைத்திறன் கையில் வேண்டுமானால் தரையில் 260 இருக்க வேண்டும். பெரிய இன்ஜினை நாடியதற்குக் காரணம் இதுவே.

ஆனால் சிலிண்டருக்கு 3.6 லிட்டர் என்பது சிறிய அளவல்ல. ஒவ்வொரு வெடிப்பும் இன்ஜினைத் தாங்கும் மரச்சட்டத்தை உலுக்கும். எரிபொருள் குழாய் இணைப்புகள் தளரும், ரேடியேட்டர் பற்றுகள் விரியும். போரின் கடைசிக் கட்டத்தில் கப்ரோனியின் பெரிய வகையில் இந்த இன்ஜின்களை மூன்றாகப் பூட்டியபோது தீ விபத்துகள் படையை வாட்டின. தென் இத்தாலியின் ஃபோஜாவில் பயிற்சி பெற்ற அமெரிக்க விமானிகளும் அந்த வகையை ஓட்டினார்கள். பின்னாளில் நியூயார்க் மேயரான ஃபியோரெல்லோ லா கார்டியா அவர்களில் ஒருவர்.

ஏ.12ஐ மூக்கில் வைத்து மூன்று நிறுவனங்கள் இரட்டை இருக்கை வேவு விமானங்கள் கட்டின. மோன்ஸாவின் சம்ல் நிறுவனம் ஜெர்மன் அவியாட்டிக் வடிவத்தை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. மெதுவானது, நிதானமானது, நம்பகமானது. 650-க்கு மேல் கட்டப்பட்டு, போர் முடியும்வரை சத்தமில்லாமல் உழைத்தது. டூரினின் பொமீலியோ வேறு வழியில் போனது. அதன் பி.சி. வகை 1917இல் வந்தபோது பல வேட்டை விமானங்களுக்கு ஈடான வேகம் கொண்டிருந்தது. ஆனால் காற்றடித்தால் நிலைகொள்ளாது, ஓட்டுவது கடினம். கனமான இன்ஜின் மூக்கில் இருக்க, அதன் அசைவை அடக்கும் அளவுக்கு வால்பரப்பு இல்லை. அடுத்த பி.டி. வகையில் உடற்கூட்டின் அடியில் ஒரு செங்குத்துத் துடுப்பைச் சேர்த்தார்கள். அதற்கடுத்த பி.இ.யில் வாலையே பெரிதாக்கினார்கள், அதன் பிறகே சரியானது. மூன்று வகைகளும் சேர்ந்து 1,600-க்கு மேல். 1918 அக்டோபர் இறுதியில் இத்தாலியின் கடைசிப் பெரும் தாக்குதலான வித்தோரியோ வேனெத்தோவின்போது போர்முனையில் நின்ற வேவு விமானங்களில் பி.இ.யே மிகுதி.

மூன்றாவதுதான் மிகத் திறமையானதும் மிக ஆபத்தானதும். ஃபியட்டின் துணை நிறுவனமான எஸ்.ஐ.ஏ. கட்டிய 7பி, சவோயாவும் ரொடோல்ஃபோ வெர்துட்சியோவும் வடிவமைத்தது. 1917 ஆகஸ்டில் கேப்டன் ஜூலியோ லவுரேயாத்தி டூரினிலிருந்து நேப்பிள்ஸ் போய் இறங்காமலே திரும்பினார். செப்டம்பர் 24 அன்று ஆல்ப்ஸைத் தாண்டி ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேலாகப் பறந்து லண்டன் சேர்ந்தார். டிசம்பரில் பிராக் பாப்பா என்ற விமானி 7,000 மீட்டர் உயரத்தைத் தாண்டினார். காகிதத்தில் பார்த்தால் இத்தாலி கேட்ட எல்லாமே இதில் இருந்தது. படைப்பிரிவுகளுக்குப் போனதும் இறக்கைகள் வானிலேயே முறியத் தொடங்கின. 500-க்கு மேல் கட்டப்பட்ட பிறகு, 1918 கோடையில் போர்முனையிலிருந்து விலக்கப்பட்டது.

இறக்கை ஏன் முறிந்தது

அன்றைய இறக்கையின் உள்ளே நீளவாக்கில் இரண்டு மரத்தண்டுகள், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். அவற்றின் மேல் விலாக்கள், அதன் மேல் துணி. இரு அடுக்குகளுக்கிடையே கம்பங்கள். குறுக்கே செல்லும் எஃகுக் கம்பிகளில் ஒரு சாரார் பறக்கும்போது இறக்கை மேலே வளையாமல் பிடிப்பவை. மறு சாரார் தரையிறங்கும்போது கீழே தொங்காமல் பிடிப்பவை.

கோணம் மாறாமல் வேகம் கூடினால் இறக்கையின் மேலான காற்றின் விசை அதன் வர்க்கத்தில் கூடும். மணிக்கு 110 கிலோமீட்டரில் பறந்த ஃபார்மனோடு ஒப்பிட்டால் 190இல் பறக்கும் விமானத்தில் அது ஏறக்குறைய மூன்று மடங்கு. நேராகப் பறக்கையில் இறக்கை தூக்குவது விமானத்தின் எடையை மட்டும்தான். எதிரியிடமிருந்து தப்பக் குத்தென இறங்கி, பிறகு விமானத்தைத் திருப்பும் கட்டுப்பாட்டுக் கட்டையை வெடுக்கென இழுத்தால், வேகமும் கோணமும் சேர்ந்து எடையின் மூன்று நான்கு மடங்கு சுமையை ஒரு கணத்தில் இறக்கையில் ஏற்றும். மெதுவான விமானத்தால் அத்தனை சுமையை உண்டாக்கவே முடியாது, அதற்குள் அதன் இறக்கை தூக்கும் சக்தியை இழந்துவிடும். வேகமான விமானத்தால் முடியும். அதாவது, மெதுவான விமானத்தில் பாதுகாப்பாக இருந்த அதே கட்டுமானத்தை வலுவான இன்ஜின் ஆபத்தாக்கிவிடும்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. மெல்லிய, வளைந்த இறக்கையில் காற்றின் விசை ஓரிடத்தில் நிற்பதில்லை. மூக்கைத் தூக்கினால் அது முன்தண்டை நோக்கிப் போகும். குத்தென இறங்கினால் பின்தண்டை நோக்கி நகரும். எனவே இறங்கும்போது பின்தண்டு தன் பங்குக்கு மேல் சுமக்கும், இறக்கை முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய இறக்கை அந்த முறுக்கை மேலும் கூட்டும். இரு தண்டுகளையும் தனித்தனியே கணக்கிடாமல் மொத்தச் சுமையை மட்டும் கணக்கிட்டால் இந்த இடத்தில்தான் தவறும். தரையில் மணல் மூட்டை அடுக்கிச் சோதித்தபோது தாங்கிய இறக்கை வானில் முறிவதற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது பராமரிப்பு. பந்தலில் ஒரு கயிறு தளர்ந்தால் பாரம் பக்கத்துக் கயிற்றுக்குப் போவதுபோல, ஒரு கம்பி தளர்ந்தால் அதன் பங்கை மற்றவை சுமக்கும். மழையில் மரம் ஊறும், வெயிலில் சுருங்கும். கம்பிகளின் இழுவிசை நாளுக்கு நாள் மாறும். ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் மெக்கானிக் திருகுகளை முறுக்கிச் சரிபார்க்க வேண்டும். தளர்வு ஆபத்து என்று அளவுக்கு மீறி முறுக்கினால் அதுவும் ஆபத்தே. கம்பியின் இழுப்பு தண்டை இரு முனையிலிருந்தும் நெருக்கி, சுமை வருவதற்கு முன்பே அதை வளைக்கத் தொடங்கும். போர்க்கால அவசரத்தில், புதிதாகச் சேர்ந்த தொழிலாளர்களைக் கொண்டு நூற்றுக்கணக்கில் கட்டப்படும் விமானத்தில் இந்த நுணுக்கம் ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி அமையாது.

எஸ்.வி.ஏ.: கம்பியை எடுத்தார்கள்

வியப்பு என்னவென்றால், 7பியை வடிவமைத்த அதே இருவர்தான் இதற்கு விடையும் தந்தார்கள். சவோயா, வெர்துட்சியோ, ஜெனோவாவின் அன்சால்தோ நிறுவனம், இம்மூன்றின் முதலெழுத்துகள் சேர்ந்தது எஸ்.வி.ஏ. செலஸ்தினோ ரொஸாத்தெல்லி என்ற இளம் பொறியாளரும் அதில் உழைத்தார். 1917 மார்ச் 19 அன்று முதலில் பறந்தது.

இதில் இரு இறக்கைகளுக்கிடையே நேர்க்கம்பமும் குறுக்குக் கம்பியும் கிடையாது. எஃகுக் குழாய்களைச் சாய்வாக, முன்னிருந்து பார்த்தால் ஆங்கில ‘டபிள்யூ’ போலத் தெரியும்படி நிறுத்தினார்கள். பாலங்களில் காணும் வாரன் சட்டகம் இது. கம்பி இழுப்பை மட்டுமே தாங்கும், சாய்ந்த குழாய் இழுப்பையும் அழுத்தத்தையும் தாங்கும். ஆகவே ஒரே குழாய் பறக்கும்போதும் தரையிறங்கும்போதும் வேலை செய்கிறது. அழுத்தத்தில் வளையாதிருக்க அது தடிமனாக இருக்க வேண்டும், எடை சற்றுக் கூடும். பதிலுக்குக் காற்றுத் தடை குறைகிறது. களத்தில் நாள்தோறும் முறுக்கிச் சரிசெய்யும் வேலையும் போகிறது. தொழிற்சாலையில் அமைந்த கோணம் அப்படியே நிற்கும். உடற்கூடு பிளைவுட் போர்த்தியது, விமானிக்குப் பின்னால் முக்கோண வடிவில் ஒடுங்குவது.

எஸ்.வி.ஏ.5இன் இறக்கை விரிவு 9.1 மீட்டர். பாரத்தோடு எடை சுமார் 1,050 கிலோ. 220 குதிரைத்திறன் எஸ்.பி.ஏ. இன்ஜின். ஒரு குதிரைத்திறனுக்கு 5 கிலோவுக்கும் குறைவு. வேகம் மணிக்கு 230 கிலோமீட்டர் வரை. வேட்டை விமானமாக நினைத்துத்தான் கட்டினார்கள். ஆனால் சட்டென்று திரும்ப வராது என்று போர் விமானிகள் ஒதுக்கிவிட்டு, பிரெஞ்சு வேட்டை விமானங்களான ஸ்பாடையும் ஹான்ரியோவையும் கேட்டார்கள். நல்ல வேளையாக, அந்த முடிவு எஸ்.வி.ஏ.வை அதற்குரிய இடத்துக்கு அனுப்பியது. எதிரியைச் சுற்றிச் சுற்றிச் சண்டையிட முடியாவிட்டாலும், பிடிபடாமல் நெடுந்தூரம் போய்ப் படம் பிடித்துத் திரும்ப அதைவிடச் சிறந்த விமானம் இத்தாலியிடம் இல்லை. 1918 மே மாதம் அந்தோனியோ லொகாத்தெல்லி ஆல்ப்ஸைக் கடந்து ஜெர்மனியின் ஃபிரீட்ரிஷ்ஹாஃபனில் இருந்த செப்பெலின் வான்கப்பல் தொழிற்சாலைவரை போய் வேவு பார்த்துத் திரும்பினார்.

வியன்னாப் பறப்பு எல்லோரும் அறிந்தது. அதைத் தன்னுன்சியோவின் சாகசமாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்கு ஏற்புடையதல்ல. எரிபொருள் கணக்கின் வெற்றி அது. 1918 ஆகஸ்ட் 2 அன்று மூடுபனியாலும் 8 அன்று காற்றாலும் முயற்சி கைவிடப்பட்டது. 9ஆம் தேதி காலை 87ஆம் படைப்பிரிவின் 11 எஸ்.வி.ஏ. விமானங்கள் பாடுவாவுக்கு அருகில் சான் பெலாஜியோவிலிருந்து கிளம்பின. பத்து ஒற்றை இருக்கை. ஒன்று மட்டும் கவிஞருக்காக இரட்டை இருக்கையாக மாற்றப்பட்டது, அதை நதாலே பல்லி ஓட்டினார். கூடுதல் எரிபொருளுக்கு வேறு இடமில்லாததால் தொட்டியையே இருக்கை வடிவில் செய்து அதன் மேல் கவிஞரை உட்கார வைத்தார்கள். மூன்று விமானங்கள் வழியில் திரும்பின. நான்காவதில் இன்ஜின் பழுதாகி, வியன்னாவுக்குத் தெற்கே வீனர் நொய்ஸ்டாட்டில் இறங்கிய சர்த்தி என்ற விமானி, விமானத்துக்குத் தானே தீ வைத்தார். ஏழு விமானங்கள் வியன்னா மேல் லட்சக்கணக்கான துண்டறிக்கைகளைத் தூவிவிட்டுத் திரும்பின. சுமார் 1,000 கிலோமீட்டர், ஏறத்தாழ ஏழு மணி நேரம். 11இல் ஒன்றில் இன்ஜின் நின்றது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒற்றை இன்ஜின் விமானத்தில் மலை தாண்டுவதன் விலை அது.

1920இல் அர்த்தூரோ ஃபெர்ராரினும் குய்தோ மஸியேரோவும் எஸ்.வி.ஏ.9களில் ரோமிலிருந்து டோக்கியோ கிளம்பினார்கள். கராச்சி, டெல்லி, அலகாபாத், கல்கத்தா வழியாகச் சென்ற அந்தப் பயணம் பிப்ரவரி 14 முதல் மே 31 வரை நீண்டது.

பழைய படங்களைப் பார்ப்பவர்களுக்கு

பெயர்க் குழப்பம் இந்த விமானங்களில் அதிகம். கப்ரோனிகளை ராணுவம் மொத்தக் குதிரைத்திறனால் அழைத்தது: 300, 350, 450. பிறகு ராணுவமே சிஏ.1, சிஏ.2, சிஏ.3 என்று எண்ணிட்டது. நிறுவனம் பின்னாளில் வேறு வரிசை வைத்தது. அதனால் சிஏ.1-உம் சிஏ.32-உம் ஒன்றே, சிஏ.3-உம் சிஏ.33-உம் ஒன்றே. போதாக்குறைக்கு, கப்ரோனி 1910இல் பறக்கவிட்ட முதல் விமானத்துக்கும் சிஏ.1 என்றே பெயர். ஆண்டைப் பார்க்காமல் எண்ணை மட்டும் நம்பினால் தவறும்.

படத்தில் இரண்டு வால்தண்டும் மூன்று சுக்கானும் தெரிந்தால் கப்ரோனி. இறக்கை மூன்றடுக்காக இருந்தால் சிஏ.4. இன்ஜின் பின்னால், வால் சட்டகமாக இருந்தால் எஸ்.பி. வரிசையா என்று பாருங்கள். உடற்கூட்டுக்கு அடியில் துடுப்பு நீட்டினால் பொமீலியோவாக இருக்கலாம். சாய்ந்த எஃகுக் குழாய்கள் இருந்தால் எஸ்.வி.ஏ.

பெரிய இன்ஜின் பாதை எஸ்.வி.ஏ.வோடு முடியவில்லை. ஃபியட் ஏ.14 என்ற 12 சிலிண்டர், 57 லிட்டர் இன்ஜின் சுமார் 700 குதிரைத்திறன் தந்தது. அதைப் பூட்டிய எஸ்.ஐ.ஏ. 9பி விமானத்தைத் தரைப்படை ஏற்க மறுத்தது. 60 சொச்சம் மட்டுமே கட்டப்பட்டு, கடற்படையின் சான் மார்க்கோ பிரிவில் தன்னுன்சியோவின் தலைமையில் பறந்தன. போருக்குப் பின் ரொஸாத்தெல்லி அதே விமானத்தைத் திருத்தி வரைந்தார். அது ஃபியட் ஆர்.2 ஆனது. ஃபியட் தன் சொந்தப் பெயரில் விற்ற முதல் விமானம் அதுவே, 129 கட்டப்பட்டன.

எஸ்.வி.ஏ.வில் தொழில் பழகிய ரொஸாத்தெல்லி சாய்ந்த எஃகுக் குழாய்களைக் கடைசிவரை விடவில்லை. 1924இல் வந்த பி.ஆர்.1 குண்டுவீச்சு விமானத்தில் அவை இருந்தன. அவருடைய வேட்டை விமான வரிசையிலும் இருந்தன. 1938இல் முதலில் பறந்து இரண்டாம் உலகப் போர் முழுவதும் பணியாற்றிய சி.ஆர்.42 இரட்டை இறக்கை விமானத்திலும் அதே வாரன் சட்டகம்தான். ரோமுக்கு வடக்கே விஞ்ஞா டி வல்லேயில் உள்ள இத்தாலிய விமானப்படை அருங்காட்சியகத்தில் எஸ்.வி.ஏ.5-உம் கப்ரோனி சிஏ.3-உம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. போகிறவர்கள் முதலில் கப்ரோனியின் கம்பிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, பிறகு எஸ்.வி.ஏ.வின் கம்பங்களிடம் போவது நல்லது.